கிழிந்த ஆக்ஸில் பூட்: முதலில் கிரீஸை விரலில் தேய்த்துப் பாருங்கள்

முன் சக்கரத்தின் உள்பக்கம், ரிம்மிலும் அதற்கு மேலே ஸ்ட்ரட்டிலும் (ஷாக் அப்ஸார்பர் தூண்) கறுப்பாக ஏதோ தெறித்திருக்கிறது. பிரேக் ஆயில்தான் ஒழுகிவிட்டதோ என்று பதறித் தொட்டுப் பார்த்தால் கெட்டியாக, கவுனி அரிசியைக் குழைய வேகவைத்து மசித்த மாதிரி விரலில் ஒட்டுகிறது. அப்படியென்றால் பிரேக்குக்கு ஒன்றுமில்லை. சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் சாஃப்டின் முனையில் இருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, உள்ளே இருந்த கிரீஸ் சக்கரம் சுற்றச் சுற்ற வெளியே வீசியடித்திருக்கிறது. காரைக்குடிப் பக்கம் ஒர்க்‌ஷாப்பில் ஆக்ஸில் பூட் என்பார்கள், ஸ்பேர் கடையில் சிவி பூட் என்று கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள்.

நான் மெக்கானிக் இல்லை. சொந்த வண்டியிலும் சித்தப்பா வண்டியிலும் இரண்டு மூன்று முறை இந்த வேலையைச் செய்து, ஒவ்வொரு முறையும் ஒரு தப்புப் பண்ணி, அதனால் கற்றுக்கொண்டவன். டயர் மாற்றத் தெரியும், ஸ்பானர் பிடிக்கத் தெரியும், ஆனால் இதற்கு மேல் போனதில்லை என்பவர்களுக்காக எழுதுகிறேன். அவசரப்படாமல் செய்தால் ஒரு நாள் வேலை. கைப்பழக்கம் உள்ளவர் மூன்று மணி நேரத்தில் முடித்துவிடுவார், அவரோடு போட்டி வேண்டாம்.

என்ன பாகம் இது

முன் சக்கரம் இழுக்கும் காரில் கியர்பாக்ஸிலிருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு இரும்புத் தண்டு சக்கரத்துக்குப் போகிறது. சக்கரம் சும்மா சுற்றினால் போதாது, ஸ்டியரிங்கை ஒடித்தால் திரும்ப வேண்டும், பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டும், இத்தனைக்கும் நடுவில் தண்டு ஒரே சீராகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத்தான் தண்டின் இரண்டு முனையிலும் ஜாயின்ட். சக்கரப் பக்க ஜாயின்டில் பெரும்பாலும் ஆறு எஃகு உருண்டைகள், அவை ஓடப் பள்ளம் பள்ளமாகத் தடம். 1920களில் ஆல்ஃபிரட் ரெசெப்பா என்ற பொறியாளர் உருவாக்கிய அமைப்பு, அடிப்படை இன்றும் அதேதான். கியர்பாக்ஸ் பக்க ஜாயின்டில் பெரும்பாலான சின்ன கார்களில் மூன்று உருளை வைத்த டிரைபாட். அது மடங்கவும் செய்யும், உள்ளே வெளியே நகரவும் செய்யும்.

அம்பாசிடர் ஓட்டிய தலைமுறைக்கு இந்தக் கவலை இல்லை. அது பின் சக்கர வண்டி, நடுவில் நீளமாக ஒரு சாஃப்ட், அது மடங்கக் கிராஸ் என்ற சிலுவை வடிவ மூட்டு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் முன் சக்கர இழுவை நம் தெருக்களில் சாதாரணமானது, கூடவே இந்த ரப்பர் பூட்டும் வந்தது. இந்த ஜாயின்டுக்கு கிரீஸ் அடிக்க நிப்பிள் கிடையாது. உள்ளே வைத்த கிரீஸ்தான் ஆயுசுக்கும், அதைக் காப்பது மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்த ரப்பர் உறை மட்டும்தான்.

எங்கள் பக்கம் இந்த உறை ஓடிக் கிழிவதைவிட ஓடாமல் கிழிவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார், கார் செட்டுக்குள் வருஷத்தில் பத்து மாதம் துணி போர்த்தி நிற்கும், முன்னோர் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்து இறங்கியவுடன் நேரே பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, திருமயம் என்று ஓட்டம். ஒரே கோணத்தில் மடிந்து கிடந்து விறைத்துப்போன ரப்பர் முதல் வளைவிலேயே மடிப்பில் வாய் பிளக்கும். இன்னொன்று முள். கானாடுகாத்தானில் சித்தப்பா வண்டிப் பூட்டைக் கழற்றியபோது மடிப்புக்குள் விரல் நீளத்துக்குச் சீமைக்கருவேல முள் ஒன்று உடைந்து நின்றது. கண்மாய்க் கரைப் பாதையில் யாரோ வெட்டிப் போட்ட கிளை மேல் ஏற்றியிருக்கிறார். அவர் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால்

கிழிந்த இடத்திலிருந்து கொஞ்சம் கிரீஸை எடுத்து கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேயுங்கள். வெளியே தெறித்ததை அல்ல, அது ரோட்டுப் புழுதியில் ஏற்கெனவே தோய்ந்திருக்கும், பூட்டுக்குள் இருப்பதை. வெண்ணெய் மாதிரி வழவழவென்று, கறுப்பு நிறம் மாறாமல் இருந்தால் நீங்கள் நேரத்தில் பார்த்துவிட்டீர்கள், பூட்டை மாற்றினால் போதும். சோற்றில் கல் கடிபட்ட மாதிரி நறநறவென்று இருந்தால், அல்லது கறுப்பு மங்கி நம் செம்மண் நிறம் ஏறியிருந்தால் மண் உள்ளே போய்விட்டது. உருண்டைக்கும் தடத்துக்கும் நடுவில் மண் போனால் அது கிரீஸ் இல்லை, சாணைக்கல்.

மண் போனதா என்பதோடு, அது தின்றுவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். ஊர்ப் பொட்டலுக்கு வண்டியைக் கொண்டுபோய், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, ஃபர்ஸ்ட் கியரில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து வட்டமடியுங்கள். கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்தி. டக் டக் டக் என்று சக்கரச் சுற்றோடு சேர்ந்து சத்தம் வந்தால் வெளி ஜாயின்ட் தேய்ந்துவிட்டது. பிறகு அடுத்த பக்கம் ஒடித்து ஒரு வட்டம். இடது பக்கம் ஒடிக்கும்போது வரும் சத்தம் பெரும்பாலும் வலது சக்கரத்துடையது, வலது பக்கம் ஒடித்தால் இடதுடையது. நேராகப் போகும்போது, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் மட்டும் வண்டி உதறினால் உள் ஜாயின்டைச் சந்தேகப்படலாம்.

சத்தம் வந்துவிட்டதா? பூட் வாங்காதீர்கள். தேய்ந்த ஜாயின்டுக்குப் புது உறை போடுவது சொத்தைப் பல்லுக்குப் பளபளப்புப் பூசுகிற வேலை. ஜாயின்டாகவோ முழு சாஃப்டாகவோ மாற்றுவதுதான் சரி, அதற்கும் கழற்றுகிற வழி இதேதான், கீழே படிக்கலாம். நறநறப்பு இருக்கிறது, சத்தம் இல்லை என்றால் கழற்றி, கழுவி, பூட் போட்டுப் பார்க்கலாம். ஜாயின்ட் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பதை அது ஏற்கெனவே தின்ற மண்தான் தீர்மானிக்கும்.

வாங்க வேண்டியவை

வண்டி மாடல், வருஷம், பெட்ரோலா டீசலா, எந்தப் பக்கம், வீல் பக்கமா கியர்பாக்ஸ் பக்கமா, இத்தனையும் சொல்லிக் கேளுங்கள். பூட் கிட்டில் உறை, பெரிய கிளாம்ப், சின்ன கிளாம்ப், கிரீஸ் பாக்கெட் இருக்கும். கிழிந்தது வெளிப் பூட்டாக இருந்தாலும் உள் பூட்டுக்கும் ஒரு கிட் வாங்கிவிடுங்கள். காரணம், நிறைய சின்ன கார்களில் வீல் பக்க ஜாயின்ட் தண்டைவிட்டுக் கழலாது, கழற்றக் கூடாது. உள் ஜாயின்டைப் பிரித்து, அந்தப் பக்கமாகத்தான் வெளிப் பூட்டையும் ஏற்ற வேண்டும். எப்படியும் உள் பூட்டின் கிளாம்பை வெட்டப்போகிறீர்கள், அதன் ரப்பருக்கும் அதே வயசுதான். உங்கள் வண்டியில் வெளி ஜாயின்ட் சர்க்ளிப்பில் (பள்ளத்தில் உட்காரும் எஃகு வளையம்) நின்று தனியாகத் தட்டிக் கழற்றும் வகை என்றால் வேலை பாதி. எந்த வகை என்று சர்வீஸ் மேனுவலிலோ அந்த மாடலைப் பிரித்த மெக்கானிக்கிடமோ கேட்டுக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது.

கிரீஸ் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். வீட்டில் டப்பாவில் இருக்கும் மஞ்சள் வீல் பேரிங் கிரீஸ் இதற்கு ஆகாது. வெளி ஜாயின்டுக்கு வருவது மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கறுப்பு கிரீஸ், அழுத்தத்தில் உருண்டையும் தடமும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளாமல் காப்பது அதுதான். உள் ஜாயின்டுக்கு வேறு நிறத்தில் வேறு கிரீஸ் வரலாம். எது எதற்கு என்று பாக்கெட்டில் மார்க்கரால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கையெல்லாம் கிரீஸான பிறகு யோசிக்க முடியாது.

இவற்றோடு புது ஹப் நட் (சக்கர நடுவில் சாஃப்டைப் பிடிக்கும் பெரிய நட்), டை ராட் எண்டுக்கு (ஸ்டியரிங் தண்டு சக்கரப் பக்கம் மாட்டும் முனை) ஸ்பிளிட் பின், சாஃப்டுக்குப் புது சர்க்ளிப், கியர் ஆயில். கருவிகளில் ஹப் நட்டுக்கான சாக்கெட் முக்கியம். சின்ன கார்களில் பெரும்பாலும் 30 அல்லது 32 மி.மீ., அளந்து வாங்குங்கள். நீள எல் ராடு, அதில் மாட்ட ஒரு மீட்டர் ஜிஐ பைப், சர்க்ளிப் பிளேயர், காது கிளாம்பை (காது மாதிரி எழும்பிய இடத்தை நசுக்கி இறுக்கும் வகை) இறுக்கும் குறடு, லீவர் போட ஒரு கம்பி. எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் யாரிடமாவது இரவல் கிடைத்தால் விடாதீர்கள். ஒரு பித்தளைத் துண்டும் வேண்டும், இரும்பில் அடித்தால் மரை நசுங்கும். நான் முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடையில், எதன் உடைசல் என்றே தெரியாத ஒரு பித்தளை உருளையை எடைக்கு வாங்கினேன். இந்த வீட்டிலேயே எனக்கு அதிகம் உழைக்கும் பழம்பொருள் அதுதான்.

எங்கே வைத்துச் செய்வது

சமமான, கெட்டியான தரை வேண்டும். சிமென்ட் போட்ட செட் இருந்தால் ராஜா. முகப்பில் நிழலாக இருக்கிறதே என்று ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சாஃப்டைப் பிரித்துவிடாதீர்கள். அது கண்ணாடி மேல் சாயச் சிமென்ட் ஊற்றி எடுத்த கல், எண்ணெய் கிரீஸைக் குடித்துவிடும். நான் இரண்டே சொட்டு விட்டேன். ஆச்சி தேங்காய்த் துருவலை வைத்துத் தேய்த்தார், அரிசிமாவு போட்டுத் தேய்த்தார், அப்புறம் என்னைத் தேய்க்கச் சொன்னார். கறை போகவில்லை, அந்த இடத்தில் இப்போது குத்துவிளக்கு நிற்கிறது. சாக்கு விரித்து, அதன் மேல் அட்டை போட்டு உட்காருங்கள்.

செம்மண் தரை என்றால் ஜாக்கிக்குக் கீழே தடித்த பலகை. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. காரைத் தாங்க ஸ்டாண்ட்தான் வைக்க வேண்டும். செங்கல்லோ, வேலியோரம் கிடக்கும் செம்புராங்கல்லோ கூடாது. சுவரில் நூறு வருஷம் நிற்கிற கல் ஒற்றைப் புள்ளியில் கார் எடை விழுந்தால் பிளந்துவிடும். வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கடியில் தலையைக் கொடுக்காதீர்கள், ஒரு நிமிஷ வேலையாக இருந்தாலும்.

கழற்றுவது

ஹப் நட்டை வண்டி நான்கு சக்கரமும் தரையில் நிற்கும்போதே இளக்க வேண்டும். புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான், தூக்கி நிறுத்திய பிறகு சக்கரம் கூடவே சுற்றும். நடுக் கப்பைக் கழற்றினால் நட் தெரியும், அதன் உதட்டை சாஃப்டின் பள்ளத்துக்குள் அடித்து மடித்திருப்பார்கள். சின்ன உளியால் அந்த மடிப்பை நிமிர்த்துங்கள், முழுசாக. பாதி மடிப்போடு திருகினால் சாஃப்டின் மரை போய்விடும், பூட் மாற்ற வந்தவன் சாஃப்ட் மாற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். பிறகு ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, சாக்கெட், எல் ராடு, பைப். பைப்பில் குதிக்காதீர்கள், எடையைச் சாய்த்தால் போதும். இளகினால் நிறுத்திவிடுங்கள். நட் இளகின நிலையில் வண்டியை உருட்டக் கூடாது, வீல் பேரிங்கைச் சேர்த்துப் பிடித்திருப்பது அந்த நட்தான்.

வீல் நட்டுகளையும் அரைச்சுற்று இளக்கி, ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள். கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடிக்கட்டைக்குக் கீழே படுக்க வைத்துவிடுவது என் வழக்கம். ஸ்டாண்ட் சறுக்கினாலும் வண்டி டயர் மேல்தான் உட்காரும்.

அடுத்து கியர் ஆயிலை வடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சாஃப்டை உருவும்போது அது உங்கள் சட்டைக்கு வரும். வடிக்கும் போல்ட்டைத் திறப்பதற்கு முன்னால் ஊற்றும் போல்ட் திறக்கிறதா என்று பாருங்கள். முழுசாக வடித்த பிறகு மேல் போல்ட் துருப்பிடித்துத் திறக்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் முகத்தை நீங்களே கண்ணாடியில் பார்க்க மாட்டீர்கள். பழைய ஆயிலைக் கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். வாய்க்காலில் விட்டால் அது எங்கே போகும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, நம் ஊர்களில் மழைத்தண்ணீரெல்லாம் ஊருணிக்குத்தான் வழி பார்க்கும்.

இப்போது சக்கரத்தைத் தாங்கும் நக்கிளை வெளிப்பக்கம் தள்ள இடம் வேண்டும். டை ராட் எண்டின் ஸ்பிளிட் பின்னை உருவி நட்டை இளக்குங்கள். இழுத்துக் கழற்றும் புல்லர் இருந்தால் நல்லது, இல்லையென்றால் நக்கிளின் கண்ணை, அதாவது கூம்பு உட்கார்ந்திருக்கும் வளையத்தை, பக்கவாட்டில் சம்மட்டியால் இரண்டு மூன்று அடி. மரை மேல் அடிக்காதீர்கள். துரு இறுகியிருந்தால் முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் ஸ்பிரே அடித்துவிடுங்கள். துருவையே பாடமாக ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியிலேயே இருந்து என்ன, நம் நட்டுக்கு ஸ்பிரேயும் பொறுமையும்தான். பிறகு லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட், நக்கிளைக் கீழ்க் கையோடு இணைக்கும் உருண்டை மூட்டு. பல சின்ன கார்களில் அதன் தண்டை நக்கிளுக்குள் ஒரு போல்ட் கவ்விப் பிடித்திருக்கும். தண்டில் ஒரு பள்ளம் உண்டு, போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகப் போகிறது, அதனால் இளக்கினால் வராது, முழுசாக உருவ வேண்டும். உருவியபின் லோயர் ஆர்மைக் கம்பியால் நெம்பிக் கீழே தள்ளினால் தண்டு வெளியே வரும். ஏபிஎஸ் ஒயர் இருந்தால் அதன் கிளிப்பை முதலிலேயே விடுவியுங்கள், பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று ஒரு கண் இருக்கட்டும்.

ஹப் நட்டை முனை மட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன் மேல் பித்தளைத் துண்டை வைத்துத் தட்டுங்கள். சாஃப்ட் உள்ளே நகரும். நட்டைக் கழற்றி, நக்கிளை வெளியே இழுத்து, சாஃப்ட் முனையை உருவிக்கொள்ளுங்கள். உருவியதைத் தொங்கவிடாதீர்கள், ஒரு கயிற்றில் கட்டித் தாங்கவிடுங்கள். அடுத்து கியர்பாக்ஸுக்கும் உள் ஜாயின்டின் கிண்ணத்துக்கும் நடுவில் கம்பியைக் கொடுத்துச் சுருக்கென்று ஒரு நெம்பு. உள்ளே ஒரு சர்க்ளிப் பிடித்திருக்கும், டக்கென்று விடும். சாஃப்டைப் பிடித்து இழுக்கக் கூடாது, உள் ஜாயின்ட் வண்டியிலேயே பிரிந்து கொட்டும். நெம்பும்போது ஆயில் சீலின் உதடு கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்க சாஃப்டையும் ஒரே நேரத்தில் உருவ வேண்டாம், சில கியர்பாக்ஸ்களில் டிஃபரன்ஷியலின் பக்கப் பல்சக்கரங்கள் இடம் விட்டு நழுவும், பிறகு கியர்பாக்ஸையே இறக்க வேண்டியதாகிவிடும்.

சாக்கு மேல் நடக்கும் வேலை

சாஃப்ட் கைக்கு வந்துவிட்டது. பழைய பூட் தண்டில் இருக்கும்போதே, அது உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். தண்டின் நடுவில் கனமாக ஒரு ரப்பர் டேம்பர் இருந்தால் அது முனையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுதுங்கள், அதையும் கழற்றித்தான் வெளிப் பூட் வரும்.

உள் பூட்டின் கிளாம்புகளை வெட்டி, பூட்டைப் பின்னால் தள்ளுங்கள். கிண்ணத்தின் வாயில் வளையம் இருந்தால் எடுத்துவிட்டு, கிண்ணத்தை உருவினால் மூன்று கால் டிரைபாட் தெரியும். கிண்ணம், டிரைபாட், தண்டு மூன்றிலும் ஒரே நேராகப் பெயின்ட்டால் ஒரு கோடு. ஆணியால் குத்திக் குறிக்காதீர்கள். டிரைபாட்டின் எந்த முகம் வெளியே பார்க்கிறது என்பதற்கு ஒரு போட்டோ. சர்க்ளிப்பைக் கழற்றி டிரைபாட்டை உருவுங்கள், வராவிட்டால் புல்லர், உருளைகள் மேல் தட்டவே கூடாது. உருளைகள் அவற்றின் காலைவிட்டு நழுவி ஊசி பேரிங் சிதறினால், சாக்கு மேல் தேடிப் பொறுக்கும் வேலை தனி. ஒரு ரப்பர் பேண்டை மூன்றையும் சுற்றி மாட்டிவிடுங்கள்.

வெளிப் பூட்டின் கிளாம்புகளையும் வெட்டி, பழைய பூட்டை எடுத்துவிடுங்கள். வெளி ஜாயின்டைப் பிரிக்கவில்லை, கழுவ மட்டும் செய்கிறோம். பழைய கிரீஸை விரலால் வழித்து, ஜாயின்டை ஒவ்வொரு பக்கமும் சாய்த்துச் சாய்த்து உருண்டைக்குப் பின்னாலிருப்பதையும் துணியால் எடுங்கள். நறநறப்பு இருந்தால் டீசலில் அலசி, சுழற்றி, வடித்து, மறுபடி அலசி, தண்ணீர் தெளிகிற மாதிரி டீசல் தெளிந்து வரும்வரை விடாதீர்கள். பிறகு நன்றாகக் காய வேண்டும், டீசல் மிச்சமிருந்தால் புதுக் கிரீஸை நீர்க்கச் செய்துவிடும். டீசல் கை ரப்பரில் படக் கூடாது, புதுப் பூட்டை எடுக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வெளிச்சத்தில் பிடித்துத் தடங்களைப் பாருங்கள். வழுவழுவென்று மினுங்கினால் நல்லது. விரல் நகத்துக்குத் தட்டுப்படும் குழி இருந்தால், வேலை இத்தோடு நிற்கட்டும், ஜாயின்ட் வாங்கப் போகலாம்.

இப்போது வரிசை. தண்டின் பற்கள் மேல் டேப் சுற்றுங்கள், இல்லையேல் புதுப் பூட்டின் உள்வாயை அவை கீறும். பிறகு வெளிப் பூட்டின் பெரிய கிளாம்ப், வெளிப் பூட், அதன் சின்ன கிளாம்ப், டேம்பர், உள் பூட்டின் சின்ன கிளாம்ப், உள் பூட். அதற்கப்புறம்தான் டேப்பை எடுத்துவிட்டு டிரைபாட், சர்க்ளிப். நான் முதல் முறை டிரைபாட்டை அழகாக ஏற்றி, புது சர்க்ளிப்பைப் போட்டு, கிண்ணம் நிறைய கிரீஸ் வைத்து, பெருமையோடு கையைத் துடைத்தபோது உள் பூட்டின் சின்ன கிளாம்ப் அட்டை மேல் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. முழுசும் திரும்பப் பிரித்தேன். அன்றிலிருந்து எல்லாவற்றையும் போகும் வரிசையிலேயே சாக்கில் வைத்துவிட்டுத்தான் முதலாவதை எடுக்கிறேன்.

வெளி ஜாயின்டுக்குள் அதன் பாக்கெட் கிரீஸைக் கட்டை விரலால் அழுத்தித் திணியுங்கள், ஜாயின்டை மடக்கி மடக்கித் திணித்தால்தான் உருண்டைக்குப் பின்னால் போகும். மிச்சத்தைப் பூட்டுக்குள் போடுங்கள். உள் ஜாயின்டுக்கும் அதன் பாக்கெட் கிரீஸை வைத்து, பெயின்ட் கோடு பார்த்துக் கிண்ணத்தை மாட்டுங்கள். பாக்கெட்டில் இருக்கும் அளவு கணக்காகவே வருகிறது, முழுசும் போட வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். பூட்டின் உதடு உட்காரும் பள்ளங்களைச் சுத்தமாகத் துடையுங்கள், அங்கே கிரீஸ் இருந்தால் கிளாம்ப் இறுக்கினாலும் பூட் வழுக்கும்.

பெரிய பக்கத்தை முதலில் இறுக்குங்கள். சின்னப் பக்கத்தை இறுக்கும் முன் துணி சுற்றிய மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை உதட்டுக்கடியில் கொடுத்து உள்ளே மாட்டிய காற்று வெளியேறவோ வெளிக்காற்று உள்ளே போகவோ விடுங்கள். மடிப்புகள் உப்பாமல், உள்ளே ஒட்டாமல், இயல்பாக நிற்க வேண்டும். உள் பூட்டுக்கு இது இன்னும் முக்கியம், அந்த ஜாயின்ட் உள்ளே வெளியே நகர்வதால் அதை நடு இடத்தில் நிறுத்திக்கொண்டு காற்று விட வேண்டும், மேனுவலில் அளவு இருந்தால் அதன்படி. காது கிளாம்பைக் குறடால் காதின் இரண்டு அடியும் கிட்டத்தட்ட ஒட்டும்வரை நசுக்குங்கள். பட்டை மடக்கும் வகை என்றால் மடக்கிய வால், வண்டி முன்னால் போகும்போது சுற்றும் திசையை எதிர்த்து நிற்கக் கூடாது. பிளாஸ்டிக் டை போட்டு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பும் உண்டு. என் வண்டிக்கு ஒருமுறை ஒரு இடத்தில் அப்படிப் போட்டுக் கொடுத்தார்கள், தேவகோட்டை போய்த் திரும்புவதற்குள் சின்னப் பக்கம் கழன்று, கிரீஸ் பழையபடி ரிம்மில். சாஃப்டைக் கழற்றாமலே ஒட்டும் பிளவு பூட்டையும் நான் நம்பமாட்டேன், ஒட்டுகிற இடத்தில் ஒரு சொட்டு கிரீஸ் பட்டிருந்தால் முடிந்தது.

திரும்ப மாட்டுவது

கழற்றின வரிசைக்குத் தலைகீழ், அதனால் வேகமாகச் சொல்கிறேன். கியர்பாக்ஸ் சீலின் உதட்டில் கொஞ்சம் கியர் ஆயில் தடவி, சாஃப்டை நேராக, பற்கள் சீலை உரசாமல் நுழைத்து, சர்க்ளிப் டக்கென்று உட்காரும்வரை தள்ளுங்கள். உட்கார்ந்ததா என்று கிண்ணத்தைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள், தண்டைப் பிடித்து அல்ல. வெளிமுனையை ஹப்பில் நுழைத்து, பால் ஜாயின்டை ஏற்றி, அதன் பள்ளம் போல்ட் ஓட்டைக்கு நேராக வந்ததா என்று பார்த்துப் போல்ட்டைப் போடுங்கள். டை ராட் எண்ட், புது ஸ்பிளிட் பின். டை ராட்டின் உள் மரையை நீங்கள் திருப்பவில்லை, ஸ்ட்ரட் போல்ட்டைத் தொடவில்லை என்றால் அலைன்மென்ட் மாறியிருக்காது.

புது ஹப் நட்டைக் கையால் ஏற்றி, சக்கரத்தைப் போட்டு, வண்டியை இறக்கி, பிரேக்கைப் பிடித்து இறுக்குங்கள். எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் வேறு, சின்ன கார்களில் பெரும்பாலும் 150 முதல் 250 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் வண்டியின் எண்ணை மேனுவலில் பார்த்து டார்க் ரெஞ்சால் இறுக்குவதுதான் முறை. கைக்கு ஒரு அந்தாசு வேண்டுமென்றால், ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் 20 கிலோ எடை தொங்கினால் கிட்டத்தட்ட 200 நியூட்டன் மீட்டர். ஒரு சிப்பம் அரிசியில் முக்கால்வாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். பைப் முனையில் ஆளே ஏறி நிற்கத் தேவையில்லை என்பது இதிலேயே புரியும். இறுக்கியதும் நட்டின் உதட்டைப் பள்ளத்துக்குள் அடித்து மடியுங்கள்.

கியர் ஆயிலை ஊற்றும் ஓட்டையின் மட்டம்வரை, வண்டி சமமாக நிற்கும்போது. வடித்த ஆயிலை அளந்து அதே அளவு ஊற்றாதீர்கள், முன்பே குறைவாக இருந்திருக்கலாம்.

கடைசியாக, ரிம்மிலும் ஸ்ட்ரட்டிலும் பழைய கிரீஸைத் துளி மிச்சமில்லாமல் துடையுங்கள். நாளைக்குப் புதுசாகக் கசிந்தால் அப்போதுதான் தெரியும். பொட்டலில் இரண்டு பக்கமும் ஒரு வட்டம், அப்புறம் குன்றக்குடிவரை ஒரு ஓட்டம். திரும்பி வந்து ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, டார்ச் அடித்துப் பூட்டைப் பாருங்கள், கிளாம்ப் ஓரத்தில் ஈரம் இருக்கிறதா, சீலில் ஆயில் சொட்டுகிறதா என்று. வீல் நட்டுகளையும் அப்போதே ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். வண்டி செட்டுக்குள் பூட்டிக் கிடக்கும் வகை என்றால், வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சாவியைக் கொடுத்து மாதம் ஒருமுறை பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு, ஒவ்வொரு தடவையும் வேறு பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்து நிறுத்தச் சொல்லுங்கள். சித்தப்பாவுக்கும் இதைத்தான் சொன்னேன். சரி சரி என்றார், சாவி இன்னும் சென்னையில்தான் இருக்கிறது.